‘க்ளவுட் நைன்’ தேவையா, ‘ஹேப்பி’யே போதுமா? ஸ்பீக்கிங் தேர்வில் மகிழ்ச்சியைப் பேச எதைப் படிப்பது

ஐஇஎல்டிஎஸ் மாதிரியான இங்கிலீஷ் தேர்வுகளில் ஸ்பீக்கிங், அதாவது பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ‘ஹேப்பி’ என்று சொல்லாதே, அதற்குப் பதில் இதைச் சொல் என்று முப்பது நாற்பது மரபுத்தொடர்கள். ‘ஆன் க்ளவுட் நைன்’, ‘ஓவர் த மூன்’, ‘இன் செவன்த் ஹெவன்’, ‘டிக்கிள்ட் பிங்க்’ என்று அது போய்க்கொண்டே இருக்கும். இதை மனப்பாடம் செய்தால் பேண்ட், அதாவது தேர்வில் கிடைக்கும் மதிப்பெண் படி, ஏறிவிடும் என்று நம்பி ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், சிலரோடு உட்கார்ந்து பயிற்சியும் செய்திருக்கிறேன், அவர்கள் உழைப்பு தவறான இடத்தில் போய் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மகிழ்ச்சி என்ற தலைப்பு எப்படியும் எட்டிப் பார்த்துவிடும். நேராக ‘எது உங்களை மகிழ்விக்கிறது’ என்று கேட்காவிட்டாலும் பரிசு, பயணம், சின்ன வயசு ஞாபகம், ஜெயித்த போட்டி, உதவி செய்த மனிதர் என்று எதைக் கேட்டாலும் கடைசியில் ‘அப்போது எப்படி உணர்ந்தீர்கள்’ என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்கும். அதனால் இந்த ஒரு உணர்ச்சிக்கான சொற்களைச் சேர்ப்பது வீண் வேலை இல்லை. எந்தச் சொற்களை என்பதுதான் கேள்வி.

கையில் ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வழிகள் உண்டு. பட்டியலில் இருக்கும் மரபுத்தொடர்களைப் படிப்பது ஒன்று. ‘எக்ஸ்டாட்டிக்’, ‘எலேட்டட்’, ‘ஓவர்ஜாய்ட்’ மாதிரி கனமான ஒற்றைச் சொற்களைப் படிப்பது இன்னொன்று. ‘எ சென்ஸ் ஆஃப் அச்சீவ்மென்ட்’, ‘லிஃப்ட்ஸ் மை ஸ்பிரிட்ஸ்’ என்று எப்போதும் கூட்டாகவே வரும் ஜோடிச் சொற்களைப் படிப்பது மூன்றாவது, கொலொகேஷன் என்பார்களே அதுதான். அப்புறம் எதுவும் புதிதாகப் படிக்காமல் ‘ஹேப்பி’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டு கதையை நன்றாகச் சொல்லிப் பழகுவது. நான்குமே தேவைதானே என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு மாதத்தில் நான்கையும் அரைகுறையாகப் படித்தவர்கள்தான் தேர்வில் போய்த் திணறுகிறார்கள்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

ஐஇஎல்டிஎஸ் தேர்வை எடுத்துக்கொள்வோம், பெரும்பாலானவர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள். ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் 4, 5 நிமிடம் உங்களைப் பற்றிய சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் தலைப்பு எழுதிய ஒரு கார்டு கொடுத்து 1 நிமிடம் யோசிக்கவிட்டு 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாவதில் அதே தலைப்பை ஒட்டி 4, 5 நிமிடம் பொதுவான விவாதம். மதிப்பெண்ணுக்கு நான்கு அளவுகோல்: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை, ஆளுக்குக் கால் பங்கு.

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சொல்வளமே கால் பங்குதான். அந்தக் கால் பங்குக்குள் மரபுத்தொடர் என்பது ஒரு சின்ன மூலை. அந்த மூலைக்காக, பேச்சின் நடுவே நின்று ‘க்ளவுட் செவனா, நைனா’ என்று விட்டத்தைப் பார்த்தால் தடையில்லாமல் பேசுவதற்கான இன்னொரு கால் பங்கில் அடி விழுகிறது. பட்டியல் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்துக் கணக்கைப் போடுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பேண்ட் 7-க்கான அளவுகோலில் அதிகம் புழங்காத சொற்களும் ‘இடியமாட்டிக்’ சொற்களும் கொஞ்சம் வரவேண்டும் என்றுதான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பட்டியலைத் தேடி ஓடுகிறார்கள். ஆனால் ‘இடியமாட்டிக்’ என்றால் அந்த மொழிக்காரர்கள் இயல்பாகப் பேசுகிற மாதிரி என்று பொருள். ‘சியர் அப்’ அதில் வரும், ‘லுக்கிங் பேக் ஆன் இட்’ வரும், ‘இட் மேட் மை டே’ வரும். நிலாவும் மேகமும் இருந்தால்தான் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. அதே வரியிலேயே எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வும், எந்த இடத்துக்கு எந்த நடை என்ற உணர்வும் இருக்கவேண்டும் என்று வருகிறது. அந்தப் பாதியை யாரும் கவனிப்பதில்லை.

மரபுத்தொடர்

இவற்றை நான் வெறுக்கவில்லை, சரியான இடத்தில் விழுந்தால் அழகாகவே இருக்கும். ‘ஓவர் த மூன்’ இன்றும் உயிரோடு இருக்கும் தொடர். பிரிட்டனில் 1970-களில் கால்பந்துக்காரர்கள் ஜெயித்துவிட்டு வந்து பேட்டிகளில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அது தேய்ந்தே போய்விட்டது, ஆனாலும் வீட்டில், நண்பர்களிடத்தில் இப்போதும் சொல்கிறார்கள். ஒரு தங்கைக்குக் குழந்தை பிறந்தது, அண்ணனுக்கு வேலை கிடைத்தது மாதிரியான பெரிய நல்ல செய்திக்கு அது பொருந்தும். ‘நேற்று மழை பெய்தது, ஐ வாஸ் ஓவர் த மூன்’ என்றால் கேட்கிறவருக்கு ஒரு மாதிரி இருக்கும், ஏனென்றால் அளவு பொருந்தவில்லை.

பட்டியலின் பெரிய குறையே இதுதான். எல்லாவற்றுக்கும் எதிரே ‘மிகவும் மகிழ்ச்சி’ என்ற ஒரே பொருளைப் போட்டுவிடுகிறார்கள். ‘டிக்கிள்ட் பிங்க்’ கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஒரு சின்ன இன்ப அதிர்ச்சிக்கு மூத்தவர்கள் சொல்வது. ‘ஹேப்பி அஸ் லாரி’ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் பக்கம் புழங்குவது. ‘ஹேப்பி அஸ் எ க்ளாம்’ அமெரிக்காவில். இரண்டுமே துள்ளிக் குதிக்கிற சந்தோஷம் இல்லை, ஒரு வேலையில் ஆழ்ந்து நிம்மதியாக இருப்பவரைப் பார்த்துச் சொல்வது. தேர்வு முடிவு வந்தபோது நான் க்ளாம் மாதிரி இருந்தேன் என்றால் பொருளே மாறிவிடுகிறது. ‘ஹேப்பி-கோ-லக்கி’யை மகிழ்ச்சியும் அதிர்ஷ்டமும் என்று நினைத்துக்கொண்டு ‘அன்று நான் ஹேப்பி-கோ-லக்கியாக உணர்ந்தேன்’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அது ஒரு மனிதரின் சுபாவத்தைச் சொல்வது, எதையும் மனசில் போட்டுக்கொள்ளாமல் திரிகிறவர் என்று.

அப்புறம் மரபுத்தொடரில் ஒரு எழுத்து மாறினாலும் சட்டென்று தெரிந்துவிடும். ‘ஆன் க்ளவுட் நைன்’ என்பதை ‘இன் த க்ளவுட் நைன்’ என்கிறார்கள். சாதாரண வாக்கியத்தில் ‘ஆன்’, ‘இன்’ மாதிரி முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) தவறினால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும், மரபுத்தொடரில் தவறினால் படித்ததை ஒப்பிக்கிறார் என்று அப்பட்டமாகத் தெரியும். தேர்வர் மனப்பாடம் செய்ததைப் பேசுகிறாரா, யோசித்துப் பேசுகிறாரா என்று கண்டுபிடிக்க எக்ஸாமினர்களுக்குப் பயிற்சியே உண்டு.

தனியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘மை ஹேப்பினஸ் நியூ நோ பவுண்ட்ஸ்’. பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து கூடவே வந்த வாக்கியம் இது, இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயால் பேசும்போது யாரும் இப்படிச் சொல்வதில்லை, பழைய அச்சுப் புத்தகத்தைத் திறந்த மாதிரி இருக்கும். பழக்கத்தில் வாயில் வந்துவிடும், அதனால் இதை மட்டும் முயற்சி எடுத்து மறந்துவிடுங்கள்.

கனமான ஒற்றைச் சொற்கள்

மரபுத்தொடரைவிட இது பாதுகாப்பானது என்று தோன்றும். ஒரே சொல், நடுவில் தவற இடமில்லை. பாதிதான் உண்மை.

‘எக்ஸ்டாட்டிக்’, ‘ஓவர்ஜாய்ட்’, ‘த்ரில்ட்’, ‘டிலைட்டட்’ எல்லாம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொற்கள். அவற்றுக்கு முன்னால் ‘வெரி’ போட்டால் ஒட்டாது. ‘வெரி ஓவர்ஜாய்ட்’ காதில் இடிக்கும். ‘அப்ஸல்யூட்லி த்ரில்ட்’ என்றால் சரளமாக வரும். நமக்கு ‘வெரி’ கையோடு ஒட்டிக்கொண்டு வருவதால், இந்தச் சொற்களைத் தனியாகப் படிக்காமல் ‘அப்ஸல்யூட்லி’யோடு சேர்த்தே வாயில் பழக்குவது நல்லது.

இன்னொரு சிக்கல் அளவு. ‘ஜூபிலன்ட்’ என்பது ஜெயித்த கூட்டத்தின் ஆர்ப்பாட்டம். ‘ப்ளிஸ்ஃபுல்’ அதற்கு நேர் எதிர், சத்தமில்லாத பேரமைதி. ‘எலேட்டட்’ ஒரு வெற்றி தந்த ஏற்றம். ‘கன்டென்ட்’ இருப்பது போதும் என்ற மனசு. இவை எல்லாம் ‘ஹேப்பி’யின் மாற்றுச் சொற்கள் என்று ஒரே கூடையில் போட்டுவிட்டு, பேசும்போது கைக்கு வந்ததை எடுத்து வீசுகிறோம். ஒரு கப் டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்த மாலைக்கு ‘எக்ஸ்டாட்டிக்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த இடத்தில் வெறும் ‘ஹேப்பி’ சொல்லியிருந்தாலே மேல்.

வேடிக்கை என்னவென்றால் ‘ஹேப்பி’யே ஆரம்பத்தில் இந்தப் பொருளில் இல்லை. பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் அதிர்ஷ்டம், தற்செயல் என்று பொருள்பட்ட ‘ஹாப்’ என்ற வேரிலிருந்து வந்தது. ‘ஹேப்பன்’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘ஹாப்ஹஸார்ட்’ எல்லாவற்றிலும் அந்த வேர் இருக்கிறது. ‘எ ஹேப்பி கோஇன்சிடென்ஸ்’ என்று இன்றும் சொல்வது அந்தப் பழைய பொருளின் மிச்சம்தான். தற்செயலாக நடந்த நல்லதைப் பற்றி கார்டு வந்தால் இந்த ஜோடி அவ்வளவு பாந்தமாக உட்காரும்.

அப்பாடா

என்னோடு பயிற்சி செய்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சமீபத்தில் மகிழ்ச்சி தந்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள் என்பதுதான் கார்டு. டிரைவிங் டெஸ்ட்டில் நான்காவது தடவை பாஸ் ஆனதை எடுத்துக்கொண்டார். நல்ல கதை. ஆனால் பேச ஆரம்பித்ததும் ‘வென் ஐ பாஸ்ட் த டெஸ்ட் மை ஹேப்பினஸ் நியூ நோ பவுண்ட்ஸ், ஐ வாஸ் ஆன் க்ளவுட் நைன், ஐ வாஸ் ஓவர் த மூன்’ என்று மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு நின்றுவிட்டார். 40 விநாடிகூட ஆகவில்லை. சொல்ல வேறு எதுவும் இல்லாத மாதிரி விரலைப் பிசைந்துகொண்டிருந்தார்.

டைமரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “அக்கா, இங்கிலீஷை விடுங்க. பாஸ்னு சொன்னப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“அப்பாடான்னு இருந்துச்சு தம்பி. கை நடுங்கிட்டே இருந்துச்சு, சாவியக் கீழ போட்டுட்டேன். இனிமே எங்க போறதுக்கும் யாரையும் கெஞ்ச வேண்டாம்ல.”

இதுதான் பதில் என்றேன். அந்த ‘அப்பாடா’வுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அது மகிழ்ச்சிகூட இல்லை, நிம்மதி. ‘ஐ வாஸ் ஸோ ரிலீவ்ட்’. கை நடுங்கியதும் சாவி விழுந்ததும் அப்படியே வரட்டும்: ‘மை ஹேண்ட்ஸ் வேர் ஷேக்கிங், ஐ ஆக்சுவலி ட்ராப்ட் த கீஸ்’. மூன்று தடவை தோற்ற பாரம் இறங்கியதற்கு ‘இட் வாஸ் எ ஹியூஜ் வெயிட் ஆஃப் மை ஷோல்டர்ஸ்’. கெஞ்ச வேண்டாம் என்பதற்கு ‘ஐ டிட்ன்ட் ஹாவ் டு பெக் எனிஒன் ஃபார் எ லிஃப்ட் எனிமோர்’. அடுத்த தடவை பேசினபோது 2 நிமிடம் போதவில்லை அவருக்கு.

கவனியுங்கள், அதில் மரபுத்தொடர் ஒன்று வந்துவிட்டது. தோளிலிருந்து இறங்கிய பாரம். அது பட்டியலிலிருந்து வரவில்லை, அவர் மனசில் இருந்த ‘அப்பாடா’வுக்குச் சரியான இங்கிலீஷ் அதுதான் என்பதால் வந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது. நமக்குச் சொல் தெரியாதது பிரச்சினையே இல்லை, எந்த மகிழ்ச்சி என்று நாமே பார்ப்பதில்லை. தமிழில் பேசும்போது நாம் இதைத் தவறாமல் பிரிக்கிறோம். நிம்மதி வேறு, பூரிப்பு வேறு, குதூகலம் வேறு, மனநிறைவு வேறு, நெகிழ்ச்சி வேறு. மகள் மேடையில் நிற்பதைப் பார்த்த அம்மாவிடம் குதூகலமா என்று யாராவது கேட்பார்களா? இங்கிலீஷுக்கு மாறியதும் இந்த ஐந்தையும் ‘ஹேப்பி’ என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம், அப்புறம் டப்பாவுக்கு அலங்காரம் செய்ய மரபுத்தொடர் தேடுகிறோம்.

அதனால் கார்டைப் பார்த்ததும் கிடைக்கிற அந்த 1 நிமிடத்தில் முதல் பத்து விநாடியைத் தமிழில் செலவழியுங்கள். நிம்மதி என்றால் ‘ரிலீவ்ட்’. பூரிப்பு என்றால் ‘பர்ஸ்டிங் வித் ப்ரைட்’. நெகிழ்ச்சி என்றால் ‘டச்ட்’ அல்லது ‘ரியலி மூவ்ட்’, பரிசு வாங்கிய கார்டுகளுக்கெல்லாம் இது கைகொடுக்கும். குதூகலம் என்றால் ‘த்ரில்ட்’, கூடவே ‘ஐ குடின்ட் சிட் ஸ்டில்’. மனநிறைவு என்றால் ‘கன்டென்ட்’, வேலையால் வந்த நிறைவு என்றால் ‘ஃபுல்ஃபில்ட்’. எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. உணர்ச்சி எது என்று நம் மொழியில் தெளிவாகிவிட்டால் இங்கிலீஷ் சொல் தானாக ஒரு படி கிட்டே வருகிறது, அவ்வளவுதான். தமிழில் யோசிக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. வாக்கியத்தைத் தமிழில் அமைத்துவிட்டு மாற்றாதே என்றால் சரி, ஆனால் உணர்ச்சியைக்கூடத் தமிழில் தொடாதே என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஜோடிச் சொற்கள்

என் ஓட்டு இதற்குத்தான். ஒரு மாதத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

காரணம் எளிது. இவை எந்தக் கதையிலும் பொருந்தும், எந்த நடையிலும் உறுத்தாது, தவறிப்போனாலும் பெரிய சேதம் இல்லை. ‘இட் கேவ் மீ எ ரியல் சென்ஸ் ஆஃப் அச்சீவ்மென்ட்’ என்பதை மலை ஏறியதற்கும் சொல்லலாம், ஒரு சமையல் கற்றுக்கொண்டதற்கும் சொல்லலாம், வேலை பற்றிய கேள்விக்கும் சொல்லலாம். ‘மியூசிக் லிஃப்ட்ஸ் மை ஸ்பிரிட்ஸ்’ முதல் பகுதியில் ஒரு வரிப் பதிலுக்கு அருமை. ‘ஹெர் ஃபேஸ் லிட் அப்’ என்றால் நீங்கள் பரிசு கொடுத்தவரின் முகம் மலர்ந்ததை எக்ஸாமினர் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும். ‘இட் ஸ்டில் புட்ஸ் எ ஸ்மைல் ஆன் மை ஃபேஸ்’, ‘ஐ லுக் பேக் ஆன் தட் டே வெரி ஃபாண்ட்லி’ இரண்டும் இரண்டாம் பகுதியை முடிக்க நல்ல வாக்கியங்கள். ‘டியர்ஸ் ஆஃப் ஜாய்’, ‘சிம்பிள் ப்ளெஷர்ஸ்’, ‘பீஸ் ஆஃப் மைண்ட்’, ‘ஜாப் சாடிஸ்ஃபேக்‌ஷன்’ என்று ஒரு பதினைந்து இருபது சேர்ந்தால் போதும்.

இதற்குள்ளேயே முன்னிடைச்சொல் விஷயமும் வருகிறது, தனியாகப் படிக்கத் தேவையில்லை. செய்தி கேட்டு மகிழ்ந்தால் ‘ஹேப்பி அபவுட்’. கிடைத்தது திருப்தி என்றால் ‘ஹேப்பி வித்’. இன்னொருவருக்கு நல்லது நடந்து அதற்காக மகிழ்ந்தால் ‘ஹேப்பி ஃபார் ஹெர்’. இந்த மூன்றையும் சரியாகச் சொல்கிறவர், நிலாவுக்கு மேலே பறக்கிறவரைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார் என்றுதான் கேட்கிறவருக்குத் தோன்றும்.

‘என்ஜாய்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் எல்லோருக்கும் வருகிற தவறு. ‘நல்லா என்ஜாய் பண்ணினோம்’ என்று தமிழில் எதை என்று சொல்லாமல் நிறுத்தலாம். அந்தப் பழக்கத்தில் ‘வீ என்ஜாய்ட் எ லாட்’ என்று வந்துவிடுகிறது. இங்கிலீஷில் எதை என்பது வேண்டும்: ‘வீ என்ஜாய்ட் இட் எ லாட்’, அல்லது ‘வீ ரியலி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’. அதே மாதிரி ‘ஐ வாஸ் எக்ஸைட்டிங்’. நிகழ்வுதான் ‘எக்ஸைட்டிங்’, நான் ‘எக்ஸைட்டட்’. சின்னத் தவறுகள்தான், ஆனால் மகிழ்ச்சித் தலைப்பு வந்தால் 2 நிமிடத்துக்குள் நான்கைந்து தடவை வந்துவிடும். ஒரு புதிய மரபுத்தொடர் கொடுப்பதைவிட இந்த இரண்டையும் ஒழிப்பது அதிகம் கொடுக்கும்.

வெறும் ‘ஹேப்பி’யும் கதையும்

குறைத்து மதிப்பிடவேண்டாம். நிதானமாகப் பேசினால் 2 நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 வார்த்தை வேண்டும். மரபுத்தொடர் மூன்று போட்டாலும் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. மீதிக்குக் கதைதான் வேண்டும். பேண்ட் 6 போதும் என்கிறவர் புதிய சொல் எதுவும் படிக்காமல், தன் வாழ்க்கையிலிருந்து ஆறேழு சம்பவங்களை எடுத்து, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், கை என்ன செய்தது, அப்புறம் என்ன ஆனது என்று இங்கிலீஷில் தினமும் சொல்லிப் பழகினாலே ஓரளவு வந்துவிடும். சொல்வளத்தில் மட்டும் இந்த வழி ஓர் இடத்தில் முட்டி நிற்கும். ‘ஐ வாஸ் வெரி ஹேப்பி’ ஐந்து தடவை வந்தால் அதற்குமேல் ஏற்ற அவர்களுக்கே வழி இருக்காது.

மூன்றாம் பகுதி வேறு ஊர்

பட்டியல் முழுசாகக் கைவிடுகிற இடம் இது. ‘பணம் இருந்தால் மகிழ்ச்சி வருமா’, ‘குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மகிழ்ச்சி ஒன்றேதானா’ என்று கேட்பார்கள். இங்கே நீங்கள் மகிழ்ச்சியை உணரவில்லை, அதைப் பற்றி விவாதிக்கிறீர்கள். ‘ஆன் க்ளவுட் நைன்’ இங்கே எதற்கும் உதவாது. ‘மணி கான்ட் பை ஹேப்பினஸ்’ என்ற வரியை எக்ஸாமினர் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார்.

இங்கே வேண்டியது பிரித்துப் பேசும் சொற்கள். ‘ஷார்ட்-லிவ்ட்’ ஒரு பக்கம், ‘லாஸ்டிங்’ இன்னொரு பக்கம். ‘மெட்டீரியல் பொசெஷன்ஸ்’, ‘ஃபைனான்ஷியல் செக்யூரிட்டி’, ‘வெல்-பீயிங்’, ‘கன்டென்ட்மென்ட்’. புதிய ஃபோன் வாங்கிய சந்தோஷம் ஒரு வாரத்தில் போய்விடும் என்பதற்கு ‘த எக்ஸைட்மென்ட் சூன் வேர்ஸ் ஆஃப்’. எல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது என்பதற்கு ‘இட் பாயில்ஸ் டவுன் டு’. மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கிற குடும்பங்களைப் பற்றிப் பேச ‘ஸ்ட்ரகிளிங் டு மேக் எண்ட்ஸ் மீட்’, இது மரபுத்தொடர்தான், ஆனால் விவாதத்துக்குள் இயல்பாக வரும் வகை. ‘ஐ உட் சே மணி பைஸ் பீஸ் ஆஃப் மைண்ட் ரேதர் தேன் ஹேப்பினஸ்’ என்று ஒருவர் சொல்லிவிட்டு அதற்கு ஒரு உதாரணமும் கொடுத்தால், அந்த ஒரு வாக்கியம் முழுப் பட்டியலையும்விடக் கனமானது.

கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் என்ற இன்னொரு இங்கிலீஷ் தேர்வை எழுதுகிறவர்களுக்கு வேறொரு கவனம் வேண்டும். அது பொதுவாக இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் 14 நிமிடத் தேர்வு, ஒரு எக்ஸாமினர் பேசுவார், இன்னொருவர் கேட்டு மதிப்பிடுவார், பக்கத்தில் இருப்பவரோடு எப்படிக் கலந்து பேசுகிறீர்கள் என்பதற்கே தனி அளவுகோல் உண்டு. அங்கே உங்கள் மகிழ்ச்சியைவிட அவருடைய மகிழ்ச்சிக்கு நீங்கள் காட்டும் முகம் முக்கியம். ‘ஓ, தட் மஸ்ட் ஹாவ் பீன் அமேஸிங்’, ‘ஐ கேன் இமாஜின் ஹவ் ப்ரௌட் யூ வேர்’ என்று இயல்பாக வரவேண்டும். இதற்கு எந்தப் பட்டியலும் இல்லை, யாரோடாவது பேசித்தான் பழகவேண்டும்.

சரி, யாருக்கு எது

6-தான் இலக்கு, பேசும்போது நடுவில் நிற்கிறது என்றால் சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதை சொல்லிப் பழகுங்கள், கூடவே ஒரு பத்து ஜோடிச் சொற்கள். 7 வேண்டும் என்றால் ஜோடிச் சொற்கள் இருபது, மேலே சொன்ன ஐந்து உணர்ச்சிகளுக்கும் ஆளுக்கு ஒரு சொல், மூன்றாம் பகுதிக்கான விவாதச் சொற்கள். மரபுத்தொடர் இரண்டே இரண்டு போதும், அதில் ஒன்று ‘மேட் மை டே’, இன்னொன்று உங்கள் கதைகளில் எது தானாக உட்காருகிறதோ அது. 8-க்கு மேல் போக நினைக்கிறவருக்குப் பட்டியல் எந்த விதத்திலும் உதவாது. அந்த இடத்தில் ‘ஸ்கில்ஃபுல்’, அதாவது சொற்களை லாவகமாகக் கையாளவேண்டும் என்று கேட்கிறார்கள், அது அந்த மொழியைத் தினமும் கேட்டுக் கேட்டு வருவது, மாதக்கணக்கு வேலை. தேர்வுக்கு ஒரே வாரம்தான் இருக்கிறது என்றால் புதிதாக ஒன்றும் வேண்டாம், ‘என்ஜாய்’, ‘எக்ஸைட்டிங்’ இரண்டையும் திருத்திக்கொண்டு போங்கள்.

எதைச் சேர்த்தாலும் ஒரு சொல்லை உங்கள் சொந்தச் சம்பவம் ஒன்றோடு முடிச்சுப் போட்டுத்தான் எழுதிவைக்கவேண்டும். ‘டச்ட்’ என்று எழுதி எதிரே நெகிழ்ச்சி என்று போடுவதில் பலன் இல்லை. ‘டச்ட்’ என்று எழுதி எதிரே, காய்ச்சலில் கிடந்தபோது கதவில் மருந்துப் பையை மாட்டிவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதுங்கள். அந்த முகம் ஞாபகம் வந்தால் சொல்லும் வரும். அந்த அக்காவின் நோட்டு முழுக்க இப்படித்தான் இருந்தது, தேர்வில் வந்த கார்டில் மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லையாம், உதவி செய்த ஒருவரைப் பற்றிக் கேட்டார்களாம், ‘ஐ வாஸ் ரியலி டச்ட்’ என்று யோசிக்காமலே வந்துவிட்டது என்றார்.

கடைசியாக உச்சரிப்பு, இது இன்னொரு கால் பங்கு என்பதால். ‘கன்டென்ட்’டில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மனநிறைவு என்ற பொருளில் இரண்டாம் அசையில் அழுத்தவேண்டும், முதல் அசையில் அழுத்தினால் அது புத்தகத்திலும் வீடியோவிலும் இருக்கும் உள்ளடக்கம் ஆகிவிடும். ‘எக்ஸ்டாட்டிக்’கில் நடு அசை, ‘டிலைட்டட்’டிலும் நடு அசை. ‘த்ரில்ட்’டில் நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வந்து காற்று போகவேண்டும், நம் ‘த’ அங்கே கொஞ்சம் கெட்டியாக விழும். ஃபோனில் பதிவு செய்துகொண்டு, மறுநாள் காலையில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கே கேட்டால் சரியாகச் சொன்ன மாதிரிதான் தோன்றும்.